திண்ணனூர் நாட்டுப் பிரஜை

சென்றாயன் தாடிக்குள் முசுறு புகுந்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் ஊதித் தள்ளியிருப்பான். கிளை கழித்த கத்தி கூட்டையே தட்டிவிட்டதால் எறும்புகள் படையாக இறங்கிவிட்டன. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஒற்றை மூங்கில் ஏணியில் ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் கிளையில் கொடுத்து, தரைக்கு முப்பதடி மேலே நின்றபடி அவன் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கீழே தோட்டக்காரர் சின்னுசாமி அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, மரத்து மேல சாமி வந்துருச்சா?"

"சாமி இல்லீங்க. முசுறுங்க."

"அந்தத் தாடிய எடுத்துத் தொலைன்னா கேக்கமாட்டேங்கற. தையில மிளகு பறிக்க இந்த முடியோட வந்தீன்னா ஏத்தமாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன். போன வாரம் கொடியில சிக்கி எப்பிடித் தொங்குன?"

"தொங்கலீங்க. கொஞ்ச நேரம் நின்னனுங்க."

நின்றது அரைமணி நேரம். இடுப்பில் கத்தி இருந்தது, ஒரே வெட்டில் முடியை அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த முடி அவனுடையதல்ல, திருச்செந்தூர் முருகனுடையது. ஒவ்வொரு மயிராகக் கொடியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டுத்தான் இறங்கினான். கீழே நின்ற பெண்கள் கிழங்கு பிடுங்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி பெருமாயி விஷக் காய்ச்சலில் பதினோரு நாள் கண் திறக்காமல் நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் வேலும் கையுமாக முருகன், பின்னால் கடல். பழனி முருகன் தொங்கியிருந்தால் பழனிக்கே வேண்டியிருப்பான், பக்கத்தில் முடிந்திருக்கும். தொங்கியது திருச்செந்தூர் முருகன். "இவள எழுப்பிக் குடுத்துரு சாமி. நான், இவ, மக மூணு பேரும் வந்து உன் கடல்ல முங்கி, தல முடிய உனக்கே குடுத்தர்றேன்" என்று வேண்டிக்கொண்டான். மறுநாள் விடியக் கண் விழித்த பெருமாயி, பக்கத்துக் கட்டில்காரியின் இட்லியை வாங்கித் தின்றுவிட்டு, "இதென்ன சட்டினி, உப்பே இல்ல" என்றாள். சென்றாயன் வார்டு வராந்தாவில் போய் நின்று அழுதான்.

அன்றிலிருந்து கத்தரிக்கோல் படவில்லை. முடி தோளைத் தாண்டிவிட்டது, தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே எடுத்துவிடேன் என்று சொன்னவர்களுக்கெல்லாம் பெருமாயிதான் பதில் சொன்னாள். "செந்தூரான் முடியக் கொல்லிமலையான் எப்பிடி வாங்குவாரு? கடன் ஒருத்தருகிட்ட, கட்டுறது இன்னொருத்தருகிட்டயா?"

ஒரு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் மயிலோன் யாத்திரை ரயிலுக்குப் பதிந்தார்கள். மயிலோன் ஒரு தனியார் கம்பெனி. ரயில், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் சேர்த்துத் தலைக்கு இரண்டாயிரத்து இருநூறு. சேலத்தில் ஏறினார்கள். மதுரை தாண்டி, பேர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோன ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. கம்பெனிப் பெட்டிகளுக்கு அடியில் எதுவோ சூடாகிப் புகைந்தது என்றார்கள். பதினோரு மணி நேரம் நின்றது. சாயங்காலம் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் வந்து, பயணம் ரத்து, எல்லோரும் இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் காணாமல் போனான்.

அந்தப் பதினோரு மணி நேரமும் ஒன்றும் துக்கமாகக் கழியவில்லை. எதிர் இருக்கையில் காளப்பநாயக்கன்பட்டி அர்த்தனாரி, மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக வந்திருந்தான். அவன் கொத்தனார். பெருமாயி கொண்டுவந்த அவித்த மரவள்ளிக் கிழங்கு அந்தப் பக்கம் போயிற்று, அவர்களுடைய புளிச்சோறு இந்தப் பக்கம் வந்தது. பெட்டியே ஒரு குடும்பமாகிவிட்டது. ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் கையிலிருந்த மிச்சமும் கரைந்தது. பெருமாயி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கடல் எந்தத் தெசைல இருந்திருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உட்றக் கூடாதுங்கண்ணா" என்றான் அர்த்தனாரி. "டிக்கெட் காசும் வாங்கோணும், நஷ்டஈடும் வாங்கோணும். அதுக்கு ஆபீசுல பாரம் குடுக்கறாங்களாம், எழுதிக் குடுக்கோணுமாம்." அடுத்த வாரமே சென்றாயனைச் சேலத்துக்குக் கம்பெனி ஆபீசுக்கு அழைத்துப் போனான். எட்டாவது படிக்கும் மூத்த மகளையும் கூட்டி வந்திருந்தான். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அப்பாவுடைய பாரத்தை நிரப்பிவிட்டு, "உங்களுக்கும் எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கே எழுத வருங்கண்ணு" என்றான் சென்றாயன். அஞ்சாவது வரை படித்ததைக் காட்டிக்கொள்ள அவனுக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை.

பெயர் என்ற கட்டத்தில் பெயரை எழுதினான். வயது என்ற இடத்தில் நாற்பத்தாறு. அடுத்த கட்டம், நாடு. அர்த்தனாரியின் மகள் அந்த இடத்தில் வட்ட வட்ட எழுத்தில் இந்தியா என்று எழுதியிருந்தாள். சென்றாயன் அதைப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. கொல்லிமலையில் யாரைக் கேட்டாலும் ஊருக்கு முன்னால் நாட்டைத்தான் சொல்வார்கள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று மலை முழுக்க நாடுதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நாடு பார்த்துத்தான். அதையும் ஒரு கட்டம் போட்டுக் கேட்கிறார்களே, மலையைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் போலிருக்கிறது என்று அவனுக்குக் கம்பெனி மேல் மரியாதைகூட வந்தது. எழுத்துப் பிசகாமல் திண்ணனூர் நாடு என்று எழுதினான்.

அது நடந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. யானை வாயில் போன கரும்பு என்று ஊரே சொல்லிவிட்டது. இப்போது கார்த்திகை. தையில் மிளகு பழுத்துவிடும். அந்த இரண்டு மாதக் கூலியில்தான் வருஷம் முழுக்க ஓட வேண்டும், நாமக்கல் காலேஜில் படிக்கும் மகள் இளமதிக்கு ஹாஸ்டல் பணமும் கட்ட வேண்டும். மிளகு பறித்தால்தான் காசு. முடி எடுத்தால்தான் மிளகு. காசு இருந்தால்தான் முடி எடுக்கலாம். சென்றாயன் இந்தக் கணக்கை எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் அது அதே இடத்தில் வந்து நின்றது.

முசுறு ஒருவழியாக ஓய்ந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தத் தோட்டத்தில் தரையில் சிக்னல் கிடையாது, மரம் ஏறினால்தான் உண்டு.

"குட் மார்னிங் சார். மிஸ்டர் சென்றாயன்?" ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, யாருங்க?"

"சார், நீங்க தமிழ் பேசுவீங்களா?"

"பேசுவனுங்க. நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "நான் மயிலோன் யாத்திரையில இருந்து தேன்மொழி பேசறேன் சார். விருந்தினர் பிரிவு." காற்றடித்தது, மரம் ஆடியது, பாதிச் சொல் காற்றோடு போயிற்று. "...உங்களுக்கு மலே...யா சார்?"

"ஆமாங்க. மலைதானுங்க."

"அங்க எல்லாரும் இவ்வளவு நல்லா தமிழ் பேசுவாங்களா சார்?"

"வேற என்னத்தைங்க பேசறது?"

"கேக்கவே சந்தோஷமா இருக்கு சார். உங்க டிக்கெட் பணம், நஷ்டஈடு ரெண்டுமே ரெடி. வெள்ளிக்கிழமை வந்தீங்கன்னா செக் வாங்கிக்கலாம். பாஸ்போர்ட் மட்டும் மறக்காம கொண்டு வந்துருங்க."

"எத்தனைங்க?"

"பயணம் பண்ணின மூணு பேரோடதும் சார்."

"சேரிங்க. வாரேனுங்க."

ஏணியில் இறங்கினானா குதித்தானா என்று சின்னுசாமிக்கே தெரியவில்லை.

மறுநாள் பெருமாயியைக் கூட்டிக்கொண்டு செம்மேட்டுக்குப் போய் ஸ்டூடியோவில் உட்கார்ந்தான். போட்டோக்காரன் பிரேம் மூன்று தடவை கேமராவை இறக்கினான். "மாமா, மொகம் எங்கிட்டு இருக்குதுன்னே தெரியல. முடிய ஒதுக்குங்க." பெருமாயி தன் சீப்பால் வகிடெடுத்து, தாடியை இரண்டாகப் பிரித்து, பவுடரும் அப்பிவிட்டாள். "கலியாணத்தன்னிக்குக் கூட இவருக்கு இத்தன அலங்காரம் கெடையாது" என்றாள். இளமதியுடையது காலேஜ் சேர்ந்தபோது எடுத்தது வீட்டில் மிச்சமிருந்தது. ஆளுக்கு நாலாக மூன்று பேருடைய பாஸ்போர்ட் போட்டோவையும் ஒரு கவரில் போட்டு, கவரை மஞ்சப்பையில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, பஸ் மாறிச் சேலம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆபீஸ் ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி முகம் அந்த ரயிலில் பார்த்த முகம். சுவரில் ஒரு பலகை: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. பொறுமைக்கு நன்றி. மூன்றாவது வரிசையில் அர்த்தனாரி, டிபன் கேரியரை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பலாம் என்று சென்றாயன் போவதற்குள் ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து அவன் முடியையும் தாடியையும் பார்த்தாள்.

"சென்றாயன் சார்தானே? பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேன். நான்தான் தேன்மொழி. உள்ள வாங்க சார், வாங்க மேடம்."

தன்னை மேடம் என்று கூப்பிட்டதும் பெருமாயி திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

உள்ளே குளிர்ந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு அமுங்கும் சோபா. சாத்துக்குடி ஜூஸ் வந்தது, பெருமாயி இரண்டு தம்ளர் குடித்தாள். இங்கேயும் சுவரில் ஒரு பலகை இருந்தது: வெளிநாட்டு விருந்தினர்களுக்கு முப்பது நாட்களில் முழுப் பணமும் நஷ்டஈடும். சென்றாயன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். நல்லதுதான், தூரத்திலிருந்து வருகிறவர்கள் பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜர் சிவபிரகாஷ் பைலோடு வந்து கைகுலுக்கினார். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, பிறகு தமிழுக்கு இறங்கினார். "பாஸ்போர்ட் கொண்டு வந்தீங்களா சார்?"

"கொண்டாந்தனுங்க." சென்றாயன் கவரைக் கவிழ்த்தான். மேஜை மேல் பன்னிரண்டு முகங்கள் விழுந்தன. "மூணு போதும்னு சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு நாலு நாலா எடுத்தாந்தமுங்க."

சிவபிரகாஷ் போட்டோக்களைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த நாடு?"

"திண்ணனூர் நாடுங்க. அதுல எழுதிருக்கறனே."

"அது எங்க இருக்கு?"

"காளப்பநாயக்கன்பட்டியில பஸ் ஏறுனா மலை மேலதானுங்க."

தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

"நாடுன்னா தேசம்ங்க" என்றார் சிவபிரகாஷ். குரலில் சார் காணாமல் போய்விட்டது. "அதுல இந்தியான்னு எழுதணும்."

"இந்தியாதானுங்க, யாரு இல்லீன்னாங்க? அதுல தமிழ்நாடு, அதுல திண்ணனூர் நாடு. மூணையும் எழுத அந்தக் கட்டத்துல எடம் பத்தலீங்க."

"இந்தியா இல்லாம வேற எது எழுதினாலும் கம்ப்யூட்டர் இந்தப் பிரிவுக்குத் தள்ளிடும். நீங்க வெளி ஹால்ல உக்கார வேண்டிய ஆளு. புதுசா ஒரு பாரம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஆறேழு மாசம் ஆகும்."

ஆறேழு மாதம் என்றால் வைகாசி, ஆனி. சென்றாயனுக்குச் சின்னுசாமியின் மரம் கண்ணில் வந்தது, மிளகு பழுத்துக் கொட்டுவது வந்தது, ஹாஸ்டல் வாசலில் இளமதி பெட்டியோடு நிற்பது வந்தது. அவன் சத்தம் போடவில்லை. தெரியாததைக் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான்.

"ஏனுங்க, ரயிலு எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானுங்களே நின்னுச்சு. வெளிநாட்டுக்காரங்க உக்காந்த பொட்டி மட்டும் தனியா நவுந்து போயிருச்சுங்களா?"

பெருமாயி மூன்றாவது தம்ளரைக் குடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டாள்.

தேன்மொழிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், செக்ல தலைமை ஆபீஸ் கையெழுத்தே ஆயிடுச்சு" என்றாள். "ரத்து பண்ணணும்னா காரணம் எழுதி மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். பாஸ்போர்ட் பார்க்காம முதல்ல யாரு ஓகே பண்ணாங்கன்னு கேப்பாங்க."

"யாரு ஓகே பண்ணா?"

"நீங்கதான் சார்."

சிவபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். பூசாரி தன் தட்டுக்குப் பயந்தால் அதுவும் ஒரு வரம்தான். அவர் மேஜை டிராயரைத் திறந்து பசை பாட்டிலை எடுத்தார். பாரத்தில் பாஸ்போர்ட் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேராக மூன்று போட்டோவையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினார். பக்கத்தில், இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"டிக்கெட் ஆறாயிரத்து அறுநூறு, நஷ்டஈடு அஞ்சாயிரம். பிடிங்க. வெளியில யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"உடமாட்டமுங்க" என்றான் சென்றாயன். செக்கை மஞ்சப்பைக்குள் பத்திரமாக வைத்தான். "நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி."

கதவு வரை வந்த தேன்மொழி, "மேடம், திருச்செந்தூர்க் கடல்ல முங்கினதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஹாலுக்குள் கால் வைத்ததுமே சென்றாயனுக்குச் சந்தோஷத்தோடு வெட்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. அத்தனை பேரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். அர்த்தனாரி விழித்திருந்தான்.

"ஏனுங்கண்ணா, ஏசி ரூமுக்குள்ள இருந்து வாறீங்க? எனக்கு இது அஞ்சாவது நட. நடைக்கு ஒரு நாள் கூலி போயிருது. இன்னிக்குக் கான்கிரீட் வேலைய உட்டுட்டு வந்துருக்கறேன்."

சென்றாயன் மஞ்சப்பையை மறுகைக்கு மாற்றினான். சொல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவள் பெருமாயி. சல்லடையில் தண்ணீர் நின்றாலும் நிற்கும், அவள் வாயில் ரகசியம் நிற்காது. கட்டத்தில் எழுதியதில் ஆரம்பித்து, போனில் மலையா என்று கேட்டது, மேடம், இரண்டு தம்ளர் ஜூஸ், பன்னிரண்டு போட்டோ, பசை பாட்டில் வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அவள் குரலும் சின்னக் குரல் இல்லை. முன் வரிசை திரும்பியது, பின் வரிசை எழுந்து வந்தது.

முதலில் சிரித்தது அர்த்தனாரிதான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு ஹாலே சிரித்தது. பரிசீலனைப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். "ஒரு மாசமா இந்தியாவுலயே உக்காந்துருக்கறமே" என்று யாரோ சொன்னதும் இன்னொரு அலை எழுந்தது. கவுண்டரில் இருந்தவன் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீங்க என்றான். யாரும் கேட்கவில்லை.

அர்த்தனாரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கிய பிறகு அவன் முகம் கொஞ்ச நேரம் வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்கண்ணா, உங்க நாட்டுல எனக்கு ஒரு எடம் குடுப்பீங்களா?"

"பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றான் சென்றாயன். "கெழங்கு கெடக்குது, ஊடு கெடக்குது. திருச்செந்தூருக்கும் எல்லாம் ஒண்ணாவே போலாம்."

"கடலு அப்பிடியேதான் இருக்கும், ஓடிப் போயிராது" என்றாள் பெருமாயி.

அர்த்தனாரி கவுண்டருக்குப் போனான். "நம்ம பாரத்துல ஒரு சின்னத் திருத்தம்ங்க." கவுண்டர்காரன் முனகிக்கொண்டே முழங்கால் உயரத்துக்கு இருந்த கட்டின் அடியிலிருந்து அதை உருவினான். ஓரம் மடங்கி, தூசி படிந்திருந்தது. அர்த்தனாரிக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். "திண்ணனூர் நாடு, எந்த 'ண'ன்னு சொல்லுங்க" என்று ஒரு அம்மாள் சென்றாயனைக் கேட்டாள்.

அர்த்தனாரி பாரத்தைப் பலகையில் வைத்துச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மகள் வட்ட வட்டமாக எழுதியிருந்த இந்தியா என்ற சொல்லை ஒரு விரலால் நீவினான். பிறகு அதன் மேல், ரசமட்டம் பிடித்துப் பழகிய கையால், வளைவில்லாமல் ஒரு கோடு இழுத்தான்.